சீருடைக் கண்

ஒரு பெண்ணின் கண்ணுக்குள் எதைப் போடுவது என்ற முடிவை அந்தப் பெண்ணிடமே விட்டுவிடுவது நாகரிகம் எட்டிப் பார்க்காத சமூகங்களின் வழக்கம். அந்த முடிவை முறைப்படி அமைக்கப்பட்ட இருபத்தேழு பேர் குழுவிடம் ஒப்படைத்து, நிகழ்ச்சி நிரல் அச்சடித்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, தலைக்கு ஒரு சிற்றுண்டிப் பெட்டியும் கொடுத்து, ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிய பெருமை ஜாவாவின் சோலோ நகரத்து ஹர்ஜோனோ குடும்பத்தாரையே சாரும். வரலாறு இதை இன்னும் பதிவு செய்யவில்லை. வரலாறு எப்போதும் முக்கியமான கூட்டங்களுக்குத் தாமதமாகத்தான் வருகிறது.

அந்தப் பெண் லிந்தாங். வயது இருபத்தெட்டு. பாத்திக் என்னும் மெழுகுச் சாயத் துணி ஆலை ஒன்றில் தரப் பரிசோதகர். துணியை விரித்த மாத்திரத்தில் எந்தக் கோடு உடைந்திருக்கிறது, எந்தப் புள்ளி இடம் மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிடுவாள். அவள் வட்டம் போட்ட துணிக்கு ஆலையில் மறுவிசாரணை கிடையாது. இந்தக் கூர்மை முழுவதும் அவள் மூக்கின் மேல் உட்கார்ந்திருந்த கண்ணாடியின் உபயம். மைனஸ் எட்டு, போதாததற்குச் சிலிண்டர் பவர் இரண்டரை. கண்ணாடியைக் கழற்றிவிட்டால், தன் கையில் எத்தனை விரல் என்பதை அவள் ஞாபகத்திலிருந்துதான் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை பிரசோஜோ. பாலிக்பாப்பான் துறைமுகத்தில் இழுவைப் படகு ஒன்றின் எஞ்சினியர். மூன்று வருடக் காதலில் இரண்டரை வருடம் கைபேசித் திரையில் கழிந்தது. நேரில் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதனால் லிந்தாங்குக்குத் தன் கல்யாணத்தில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. மேடை அலங்காரம் இல்லை, நகை இல்லை.

"நீங்க கதவுலேர்ந்து நடந்து வர்றத முழுசா பாக்கணும் மாஸ். ஒரு அடி விடாம," என்றாள். ஜாவாப் பெண்கள் காதலனையும் கணவனையும் 'மாஸ்' என்றுதான் அழைப்பார்கள்.

"இருபது அடிதானே இருக்கும்? பாத்துக்கோ. உனக்காக மெதுவா நடக்கிறேன்," என்றான் பிரசோஜோ, பின்னால் எஞ்சின் இரைய.

இந்த எளிய ஆசைக்கு இரண்டு தடைகள் இருந்தன. முதல் தடை, மணப்பெண் ஒப்பனைக்காரர் திருமதி ராஹாயு. மணப்பெண்ணின் நெற்றியில் கறுப்பு மை வளைவுகளைத் தீட்டுவதற்கு முன் மூன்று நாள் விரதம் இருப்பவர். "நாப்பது வருஷத்துல ஒரு பொண்ணையும் கண்ணாடியோட மேடை ஏத்தல. ராணி வேஷத்துல கண்ணாடி போட்டா கணக்கு டீச்சர் மாதிரி இருக்கும்," என்று சொல்லிவிட்டார். சரி, கான்டாக்ட் லென்ஸ் இருக்கிறதே என்று லிந்தாங் நேராகக் கண்ணாடிக் கடைக்கார லியோங்கிடம் போனாள். 'கோ லியோங்' என்று ஊரே மரியாதையாக அழைக்கும் அந்த மனிதர் அவள் கண்ணைப் பன்னிரண்டு வயதிலிருந்து அறிந்தவர். பரிசோதித்தார். "உனக்கு டோரிக் லென்ஸ்தான் சரி. நிறம் கிடையாது. ஆர்டர் குடுத்தா ரெண்டு வாரத்துல வரும்," என்றார். மொத்தம் கால் மணி நேரம்.

அத்துடன் விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் லிந்தாங் ஒரு மாபெரும் தவறு செய்தாள். இதை வீட்டில் சொன்னாள்.

இரண்டாவது தடை, பாக்டே ஹர்ஜோனோ. பாக்டே என்றால் பெரியப்பா. ஆனால் ஹர்ஜோனோவைப் பொறுத்தவரை அது உறவுமுறை அன்று, பதவி. வட்டார நிர்வாக அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கம்தான் அவரை விட்டு ஓய்வு பெற்றதே ஒழிய அவர் அரசாங்கத்தை விடவில்லை. லிந்தாங்கின் அப்பா ஐந்து வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டதால் கல்யாணப் பொறுப்பு பாக்டேயிடம் வந்தது. வந்த அன்றே 'கல்யாணக் குழு' அமைத்து, அதற்கு முத்திரைக் கட்டையும் செய்துவிட்டார். உணவுப் பிரிவு, வரவேற்புப் பிரிவு, வாகனப் பிரிவு, சீருடைப் பிரிவு, மழைத் தடுப்புப் பிரிவு. இருபத்தேழு உறுப்பினர்கள். மணப்பெண் அதில் இல்லை. அவள் 'பயனாளி'.

மூன்றாவது கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடியது. எல்லோரும் வந்திருந்தார்கள், மழைத் தடுப்புப் பிரிவின் தலைவரைத் தவிர. அவருக்கு மழையில் வர முடியவில்லை. நிகழ்ச்சி நிரலில் நான்காவது பொருள்: 'மணமகளின் கண்'. நிபுணராகக் கோ லியோங் அழைக்கப்பட்டிருந்தார். கையில் ஒரு பெட்டியுடன், முதல்முறை பள்ளிக்கூடம் வந்த பிள்ளையைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"நிபுணர் வகைகளை எடுத்துரைக்கலாம்," என்றார் பாக்டே.

"வந்து... லிந்தாங்குக்கு எது வேணும்னு நான் ஏற்கெனவே..."

"வகைகள்."

கோ லியோங் பெட்டியைத் திறந்தார். "இது ஒருநாள் லென்ஸ். காலையில போட்டு சாயங்காலம் தூக்கிப் போட்டுறலாம்."

அறையில் சலனம் ஏற்பட்டது. சீருடைப் பிரிவின் தலைவியும் பாக்டேயின் மனைவியுமான பூடே (பெரியம்மா) எண்டாங் விசிறியை மடக்கினாள். "என்னது, ஒரே நாளா? கல்யாணத்தன்னைக்குக் கட்டி, கல்யாணத்தன்னைக்கே தூக்கிப் போடுற சாமானா? சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாங்க?"

நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்பட்டது: 'ஒருநாள் லென்ஸ் நிராகரிக்கப்பட்டது. காரணம்: இல்லறம்.'

"அப்போ மாச லென்ஸ் இருக்கு," என்றார் கோ லியோங்.

"முப்பது நாள் கழிச்சு?"

"அதையும் தூக்கிப் போடணும்."

"கேட்டீங்களா? முப்பது நாள்தானாம்," என்று பூடே எண்டாங் அறையில் இருந்த அத்தனை பேரையும் பார்த்தாள். "ஆயுசுக்கும் இருக்கிற மாதிரி எதுவும் கிடையாதா கோ?"

"ஆயுசுக்கும் வேணும்னா கண்ணு ஒண்ணுதான் இருக்கு."

இது நகைச்சுவையா என்று குழு பாக்டேயின் முகத்தைப் பார்த்தது. அவர் முகத்தில் அதற்கான அறிகுறி இல்லாததால் யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாவதாகக் கெட்டி லென்ஸ். இரண்டு வருடம் உழைக்கும், பார்வை பளிச்சென்று இருக்கும், ஆனால் ஆரம்பத்தில் உறுத்தும், கண்ணீர் வரும் என்றார் கோ லியோங். மணமேடையில் பெண் கண்ணீர் விட்டால் வற்புறுத்திக் கட்டி வைத்ததாக ஊர் பேசும் என்று வரவேற்புப் பிரிவு அஞ்சியது. வாகனப் பிரிவு ஒரு கேள்வி கேட்டது: "கண்ணுல கெட்டியான பொருள் இருந்தா, கார் குலுங்கும்போது சத்தம் வருமா?" வராது என்று நிபுணர் உறுதியளித்தும் வாகனப் பிரிவுக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

"இப்ப நான் சொல்ல வந்தது இதுதான்," என்று கோ லியோங் கடைசித் தைரியத்தைத் திரட்டினார். "டோரிக் லென்ஸ். அடியில கொஞ்சம் கனம் இருக்கும். கண்ணுக்குள்ள சுத்தாம ஒரே எடத்துல நிக்கும். லிந்தாங் பவருக்கு இதுதான் பொருத்தம்."

"நிறம்?" என்றாள் பூடே எண்டாங்.

"நிறம் இல்ல. தண்ணி மாதிரி."

"அப்போ போட்டிருக்கிறது வெளிய தெரியாதா?"

"தெரியாது."

"வெளிய தெரியாத பொருளுக்கா நாங்க மூணாவது கூட்டம் போட்டிருக்கோம்?"

"வெளிய தெரியாதுதான். ஆனா அவளுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம். பார்வை தெரியும்."

பாக்டே பேனாவைக் கீழே வைத்தார். வட்டார நிர்வாகத்தில் முப்பத்தாறு வருடம் பழுத்த ஞானம் அவர் குரலில் கனிந்தது. "பார்வைங்கறது ஒருத்தரோட தனிப்பட்ட விஷயம் கோ. அதுல குழு தலையிட விரும்பல. குழுவோட பொறுப்பு தோற்றம்."

தோற்றம் என்ற சொல்லைக் கேட்டதும் பூடே எண்டாங் பெட்டியின் மூலையிலிருந்து ஒரு சிறு டப்பியை எடுத்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் இரண்டு வட்டங்கள் மிதந்தன. வீட்டுப் பெண்கள் பதினேழு பேருக்கும் சீருடையாக அவள் எடுத்திருந்த துணி சாம்பல் கலந்த பச்சை. துணியை விரித்து டப்பியைப் பக்கத்தில் வைத்தாள். 

"ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கு," என்றது உணவுப் பிரிவு.

"மணப்பொண்ணுக்கு மட்டும் ஏன்?" என்றாள் பூடே எண்டாங். "பதினேழு பேருக்கும் போட்டுட்டா என்ன?"

"அது சும்மா அழகுக்குப் போடுறது," என்றார் கோ லியோங் அவசரமாக. "அந்த நிறத்துல லிந்தாங்குக்கு முழுப் பவர் வராது. மைனஸ் ஆறோட நின்னுரும். மத்தவங்களுக்கும் ஒவ்வொருத்தர் கண்ணையும் சோதிச்சு ஆளுக்கேத்த பவர்..."

"ஆளுக்கேத்த பவரா?" பாக்டே எழுந்து நின்றார். "ஒருத்தருக்கு மைனஸ் ஆறு. ஒருத்தருக்கு ப்ளஸ் ரெண்டு. இன்னொருத்தருக்கு ஒண்ணுமே இல்ல. இப்படி ஆளுக்கு ஒண்ணா இருந்தா அதுக்குப் பேரு சீருடையா?"

இவ்வளவு வெளிச்சமான கேள்வியை அந்த அறை அதுவரை சந்தித்ததில்லை.

"எல்லாருக்கும் ஒரே பவர்," என்றார் பாக்டே. "பூஜ்யம்."

கோ லியோங் வாயைத் திறந்தார். ஆனால் அந்த வாயில் அப்போது அந்த வீட்டு லெம்பெர் இருந்தது. வாழையிலையில் சுற்றிய, கோழி வைத்த பசையரிசிச் சோறு. ஒருவர் வீட்டு லெம்பெரைத் தின்றுகொண்டே அவரை மறுத்துப் பேசும் கலையைச் சோலோ இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அவர் மென்றார். குழுவில் ஒருத்தியான லிந்தாங்கின் அம்மா தன் சிற்றுண்டிப் பெட்டியின் மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"பயனாளியின் கருத்து?" என்று பாக்டே லிந்தாங்கின் பக்கம் திரும்பினார்.

லிந்தாங் கண்ணாடி வழியாக அத்தனை முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பாக்டே சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சோலோவில் இந்த வாக்கியத்துக்கு எட்டு அர்த்தங்கள் உண்டு. அதில் ஏழு, 'முடியாது'. எட்டாவது, 'முடியவே முடியாது'. அறையில் இருந்த அத்தனை பேரும் பிறந்ததிலிருந்து அந்த வாக்கியத்தைச் சொல்லி வளர்ந்தவர்கள். ஆகவே அதன் பொருள் யாருக்கும் சந்தேகமில்லாமல் புரிந்தது. நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்பட்டது: 'பயனாளி மனமுவந்து வரவேற்றார்.'

"ஆட்சேபம் உள்ளவங்க?" என்று கேட்டார் பாக்டே. மனதுக்குள் மூன்று வரை எண்ணினார். குழுவின் விதிப்படி மூன்று எண்ணும் வரை யாரும் வாய் திறக்காவிட்டால் அது ஏகமனது. ஒன்று. இரண்டு. மூன்று. முத்திரை விழுந்தது.

மறுநாள் ஆலை இடைவேளையில் லிந்தாங் கோ லியோங்கின் கடைக்கு வந்தாள்.

"டோரிக் ஆர்டர் போடுங்க கோ."

"உங்க குழு?"

"வெளிய தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் அவளைப் பார்த்தார். ஆர்டர் புத்தகத்தை எடுத்தார். "நேத்து நான் பேசியிருக்கணும்."

"லெம்பெர் நல்லாருந்துச்சா?"

"நல்லாருந்துச்சு மா. அதான் பிரச்சினை."

கல்யாண நாள் மழையில்லாமல் விடிந்தது. மழைத் தடுப்புப் பிரிவு தன் மீது தானே மாலை போட்டுக்கொண்டது. சட்டப்படியான திருமணம் காலையிலேயே முடிந்துவிட்டது. அந்த வீட்டு வழக்கப்படி லிந்தாங் உள்ளறையிலேயே இருந்தாள். பதிவேடு அவளிடம் வந்தது, கையெழுத்துப் போட்டாள். அன்று மாப்பிள்ளையும் பெண்ணும் முதன்முதலாக எதிரெதிரே வருவது பத்து மணிக்கு, மண்டபத்தில், ஆயிரத்து இருநூறு பேர் முன்னிலையில்.

ஒப்பனை தொடங்குமுன் அவள் டோரிக் லென்ஸைப் போட்டுக்கொண்டாள். உலகம் சட்டென்று வந்து நின்றது. திருமதி ராஹாயுவின் தூரிகையில் மயிர் மயிராகத் தெரிந்தது. எதிரே நிலைக்கண்ணாடியில் தன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போவதையும் அவளால் தெளிவாகப் பார்க்க முடிந்தது. ஜாவாவில் மணப்பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய உச்சப் பாராட்டு 'மங்லிங்கி'. தெரிந்தவர்களுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டாள் என்று பொருள். இருபத்தெட்டு வருடம் ஒரு முகத்தோடு கஷ்டப்பட்டு வாழ்ந்தவளுக்கு, அது அவள் முகமே இல்லை என்று சொல்வதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன செய்துவிட முடியும்?

ஒன்பதே முக்காலுக்குப் பூடே எண்டாங் டார்ச் விளக்குடன் உள்ளே வந்தாள். ஏற்கெனவே பதினாறு ஜோடிக் கண்களைச் சோதித்து முடித்திருந்தாள். லிந்தாங்கின் கண்ணில் வெளிச்சம் அடித்தாள்.

"என்ன நிறம் இது?"

"என் நிறம் பூடே."

"அதான் கேக்கிறேன். தீர்மானத்துல இந்த நிறம் இல்லியே."

"பூடே, இது இல்லாட்டி எனக்கு அவர் வர்றது தெரியாது."

"தெரியாம எங்க போயிருவாரு? நேரா உன்கிட்டதான் வருவாரு. ஒரு மணப்பொண்ணு மாப்பிள்ளைய மொறச்சுப் பாத்துக்கிட்டா நிப்பா? தல குனிஞ்சுதான் நிக்கணும். குனிஞ்ச தலைக்கு எதுக்குடி பவரு?"

லென்ஸ்கள் பறிமுதல் செய்யப்பட்டு, புரூச் டப்பிக்குள் போடப்பட்டு, டப்பிக்கு ரசீதும் எழுதப்பட்டது. சாம்பல் வட்டங்கள் கண்ணுக்குள் போயின. பூடே எண்டாங் ஒரு பச்சை மேகமாக மாறி, "இப்பதான் அழகு," என்று சொல்லிவிட்டு மிதந்து போனாள்.

"அம்மா," என்றாள் லிந்தாங், இன்னொரு பச்சை மேகத்தைப் பார்த்து. "என் கண்ணாடி எங்க?"

"இருக்கு," என்றது மேகம். "பத்திரமா இருக்கு."

மண்டபத்தில் எல்லாம் நிமிடக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. சோலோக் கல்யாணத்தில் விருந்தாளிகள் எழுந்து போய்ச் சாப்பிடுவதில்லை; வரிசையாக உட்கார்ந்திருக்க, தட்டுகள் பறந்து வரும். முதலில் டீ, அப்புறம் சூப், அப்புறம் சோறு, கடைசியில் ஐஸ். ஐஸ் வந்தால் எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். எனவே மேடையில் நடப்பது எதுவாயினும் தட்டுகளின் வேகத்துக்கு நடந்தாக வேண்டும். பத்து பன்னிரண்டு: மணமக்கள் ஒருவர் மேல் ஒருவர் சுருட்டிய வெற்றிலை எறிதல், சூப். பத்து பதினாறு: கால் கழுவுதல். பத்து இருபது: சோறு.

கதவு திறந்தது. இசை எழுந்தது. லிந்தாங் தலை நிமிர்ந்தாள்.

பொன்னிறமாக ஒரு பெரிய கசிவு. அது கதவாக இருக்கும். அதில் கறுப்பாக நான்கு தூண்கள். எல்லா ஆண்களுக்கும் ஒரே கறுப்பு வெல்வெட் அங்கி, ஒரே பாத்திக் தலைப்பாகை. சீருடைப் பிரிவு யாரையும் விட்டுவைக்கவில்லை. சரி, மல்லிகை மாலை போட்டிருப்பவர் மாப்பிள்ளை என்று வெள்ளையைத் தேடினாள். இரண்டு வெள்ளை தெரிந்தது. மாப்பிள்ளையை அழைத்து வரும் குழுத் தலைவருக்கும் மாலை உண்டு என்று இரண்டாவது கூட்டத்தில் தீர்மானம் ஆகியிருந்ததை அவள் மறந்துவிட்டாள்.

இரண்டில் ஒன்று கதவருகே நின்றுவிட்டது. இன்னொன்று வந்தது. மெதுவாக வந்தது. ஒவ்வொரு அடியாக, யாருக்காகவோ நேரம் கொடுப்பது போல. உனக்காக மெதுவா நடக்கிறேன் என்று சொன்னானே.

பாக்டேக்கு இடது முழங்காலில் வாதம்.

உண்மையான மாப்பிள்ளை கதவருகே நின்றதற்கும் காரணம் இருந்தது. அவன் மேடையைப் பார்த்தான். சாம்பல் கண்களுடன் ஒரு ராணி நின்றுகொண்டிருந்தாள். அவள் பின்னால் அதே கண்களுடன் பதினாறு பெண்கள். தோழனின் காதருகே குனிந்தான்.

"இது நம்ம கல்யாணம்தானே? பக்கத்து மண்டபத்துலயும் ஒண்ணு நடக்குதே."

"வாசல்ல உன் பேருதான் போட்டிருக்கு."

"பேரு சரி. அந்தப் பொண்ணு யாரு?"

கதவருகே இருந்த விருந்தாளிகளுக்கு இது கேட்டது. ஒரு பாராட்டு முணுமுணுப்பு வரிசை வரிசையாக மேடை வரை போனது. மாப்பிள்ளைக்கே தெரியவில்லையாம். மங்லிங்கி. திருமதி ராஹாயு கண்களைத் துடைத்துக்கொண்டார்.

லிந்தாங் சுருட்டிய வெற்றிலையை உயர்த்தி எறிந்தாள். குறி தப்பவில்லை. ஆள்தான் தப்பு. வெற்றிலை பாக்டேயின் மூக்கில் பட்டு மாலைக்குள் விழுந்தது.

"வெற்றிலை மணமகனின் நெஞ்சைத் தொட்டது, அவள் அன்பு அவன் உள்ளத்தைத் தொட்டது போல," என்று தொகுப்பாளர், முன்பே எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்து வாசித்தார்.

ஆயிரத்து இருநூறு பேர் பார்த்தார்கள். ஆனால் ஒரு பெரியவர் பொது இடத்தில் சங்கடத்தில் மாட்டிக்கொண்டால் அதைக் கவனிப்பது அநாகரிகம். ஆகவே ஆயிரத்து இருநூறு பேரும் ஒரே நேரத்தில் சூப்பைக் கவனித்தார்கள். சூப்பும் நன்றாகத்தான் இருந்தது.

பாக்டே இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிறுத்தினால், விளக்கினால், திரும்பப் போய் நடந்தால், சோறு தாமதமாகும். தரையில் தட்டில் ஒரு முட்டை காத்திருந்தது. அதை மாப்பிள்ளை மிதித்து உடைக்க வேண்டும். பெண் அவன் காலைக் கழுவ வேண்டும். தனக்கு வழங்கப்பட்ட கடமையிலிருந்து முப்பத்தாறு வருடத்தில் ஒருநாளும் பின்வாங்காத அந்த மனிதர், செருப்பைக் கழற்றி, முட்டையை மிதித்தார்.

லிந்தாங் மண்டியிட்டாள். பூ மிதக்கும் நீரை அள்ளி, மஞ்சள் கரு வழிந்த காலைத் தொட்டாள். அவை தரப் பரிசோதகரின் விரல்கள். கட்டை விரல் பக்கம் எலும்பு ஒரு பாக்கு அளவுக்குப் புடைத்திருந்தது. நகம் ஓடு மாதிரி இருந்தது. மேலிருந்து முழங்கால் தைலம் மணந்தது.

"பாக்டே?"

"ம்."

"நீங்களா?"

"நிகழ்ச்சி நடந்துக்கிட்டிருக்கு. கழுவு."

"அவர் எங்க?"

"பின்னாடி எங்கயாச்சும் இருப்பாரு. சோறு வர்றதுக்கு ரெண்டு நிமிஷம்தான் இருக்கு, சீக்கிரம்."

"எறிஞ்சப்பவே நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

"நீ மூணாவது கூட்டத்துல சொல்லியிருக்கலாம்ல?"

லிந்தாங்கின் கை நீரில் நின்றது. அவளுடைய இருபத்தெட்டு வருட வாழ்க்கையில் பாக்டே சொன்ன முதல் உருப்படியான வார்த்தை அதுதான். அவள் எழுந்து நின்றாள். மணப்பெண்ணின் நாணத்தை விருந்தாளிகள் கேட்கட்டும் என்று தொகுப்பாளர் மைக்கை அவள் வாயருகே கொண்டுவந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல," என்றாள் லிந்தாங்.

"ஆஹா, என்ன அடக்கம்," என்றார் தொகுப்பாளர்.

"அடக்கம் இல்ல. கண்ணு தெரியல. என் கண்ணாடிய யாராச்சும் குடுங்க."

அது பக்கத்து மண்டபம் வரை கேட்டது. பச்சை மேகங்களில் ஒன்று அசைந்தது. லிந்தாங்கின் அம்மா மேடையேறி வந்தாள். இறுகக் கட்டியிருந்த இடுப்புத் துணிக்குள் கையை விட்டு, சூட்டோடு கண்ணாடியை எடுத்தாள்.

"காலையிலேர்ந்து குத்திக்கிட்டே இருக்கு," என்றாள். "பிடி."

கொண்டையும் மல்லிகைச் சரமும் இடம் விடாததால் கண்ணாடி காதில் மாட்டவில்லை. லிந்தாங் அதை ஒரு கையால் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். திருமதி ராஹாயு நாற்காலியில் சாய்ந்து, மூன்று நாள் விரதத்தை அங்கேயே முடித்துக்கொள்வதாக அறிவித்து, ஒரு டீ கேட்டார்.

மண்டபம் தெரிந்தது. சூப்பில் முகம் கவிழ்த்த ஆயிரத்து இருநூறு தலைகள் தெரிந்தன. கதவருகே, தலைப்பாகை கோணலாக, ஒல்லியாக, வெயிலில் கறுத்து, ஒருவன் நின்றிருந்தான். தடித்த கண்ணாடியைப் பார்த்ததும் அவன் முகம் அவிழ்ந்தது.

"நீதானா," என்றான் அங்கிருந்தே. "பக்கத்து மண்டபத்துக்குப் போகலாம்னு திரும்பிட்டேன்."

"நில்லுங்க மாஸ். இப்ப நடங்க. மெதுவா."

அவன் நடந்தான். இருபது அடி இல்லை, முப்பத்து நான்கு. அவள் ஒன்றைக்கூட விடவில்லை. வேறு பச்சை முட்டை கைவசம் இல்லாததால் உணவுப் பிரிவு ஒரு விருந்தாளியின் சூப்பிலிருந்து அவித்த முட்டையைக் கொடுத்து உதவியது. அது உடையவில்லை, வழுக்கியது. அவள் ஒரு கையால் கண்ணாடியையும் மறுகையால் அவனையும் பிடித்துக்கொண்டாள். சோறு ஏழு நிமிடம் தாமதமானது.

இரண்டு ஞாயிறு கழித்து, குழுவைக் கலைப்பதற்கான கூட்டம் முறைப்படி கூடியது. இருபத்தேழு பேரும் பதிவேட்டிலும், இன்னும் வாசிக்கப்படாத இறுதி அறிக்கையின் கீழும் கையெழுத்திட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கல்யாண ஆல்பம் சுற்றுக்கு விடப்பட்டது. லிந்தாங் பாக்டேயின் காலைக் கழுவும் படம் நடுப்பக்கத்தில் பெரிதாக இருந்தது. பார்த்தவர்கள் அனைவரும் அட்டையின் பைண்டிங்கைப் பாராட்டினார்கள். பாக்டே இறுதி அறிக்கையை வாசித்தார். "நிகழ்ச்சி மாபெரும் வெற்றி. மணமகள், மணமகனுக்கே அடையாளம் தெரியாத வண்ணம் விளங்கினார். கண் சீருடை முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது. குறை: சோற்றில் ஏழு நிமிடத் தாமதம். காரணம்: பார்வைக் குறைபாடு. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள்: ஒருவர். பெயர்: லிந்தாங்."

அறிக்கை, அதே அறையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பயனாளியின் பார்வைக்கு அனுப்பப்பட்டது. பிரசோஜோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். லிந்தாங் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து படித்தாள். கைப்பையிலிருந்து ஆலைச் சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஓரிடத்தில் வட்டம் போட்டாள். பக்கத்தில் ஏதோ எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

திருத்தங்களை உரக்க வாசிப்பது பாக்டேயின் முப்பத்தாறு வருடப் பழக்கம். வாய் முந்திக்கொண்டது. "பார்வைக் குறைபாடு உள்ளவர்கள்: இருபத்தேழு பேர். பெயர்கள்: கீழே கையெழுத்திட்டவாறு."

கீழே கையெழுத்துகள் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. லிந்தாங்கின் அம்மாவுடையது பதினொன்றாவது.

பாக்டே திருத்தத்தைப் பார்த்தார், முத்திரைக் கட்டையைப் பார்த்தார். கேட்காமல் இருக்க அவருக்கு வழி தெரியவில்லை.

"ஆட்சேபம் உள்ளவங்க?"

இருபத்தைந்து பேர் சிற்றுண்டிப் பெட்டிக்குள் பார்வையைச் செலுத்தினார்கள். லிந்தாங்கின் அம்மா மட்டும் மூடியை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.